குழாயடி வீட்டின் மூன்றாவது ஓட்டு

...ஓர் ஆளுக்கு ஓர் இடம்தான், அதில் என்ன குழப்பம், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியை வரிசையில் வரும் ஒவ்வொருத்தியிடமும் இதையேதான் சொல்கிறார், வீட்டு முகவரி வேண்டுமென்றால் அது, விடுதி முகவரி வேண்டுமென்றால் இது, விடுதி என்றால் காப்பாளர் கையெழுத்துப் போட்ட சான்றும் ஒரு போட்டோவும் போதும், ஊர் வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருந்தால் மறைக்கக் கூடாது, அங்கே எடுத்துவிட்டுத்தான் இங்கே சேர்ப்பார்கள், இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டால் குற்றம். தொடக்கப் பள்ளியிலிருந்து தேர்தல் வேலைக்கு இழுத்து வரப்பட்டவர், கட்டத்துக்கு வெளியே எழுதினால் பேனாவால் மேசையைத் தட்டுகிறார், இருபது வயதுப் பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதுகிறார்கள். இன்று மாலையோடு கடைசி. நூலகத்து வராந்தாவில் வரிசை மெல்ல நகர்கிறது, அவளிடம் சான்று இருக்கிறது, போட்டோ இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, எந்த முகவரி என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பின்னால் நிற்கும் அறைத்தோழி வாயை மூடவில்லை, ரேடியோ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள், நிறுத்தப் பொத்தான் இல்லாத ரேடியோ. விடுதியில் நூற்றுக்கணக்கில் பெண்கள் இருக்கிறார்கள், எல்லோரும் இங்கே பதிந்துவிட்டால் அந்த வார்டு உறுப்பினர் வாசலில் வந்து நின்றாக வேண்டும் என்று வரிசைக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறாள். தப்பில்லை. விடுதிக்கும் கல்லூரிக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஒரு விளக்குகூடக் கிடையாது, ஒரு பக்கம் மூடாத சாக்கடை, இன்னொரு பக்கம் எவனெவனோ வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிற சுவர். போன மழையில் கணக்குப் படிக்கிற பெண் ஒருத்தி யாரோ துரத்துகிறார்கள் என்று ஓடி, சாக்கடையில் விழுந்து, முன்பல் இரண்டும் போய்விட்டது, இப்போது சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். காப்பாளர் விளக்குக் கேட்டுப் போனபோது அந்த உறுப்பினர் கோபப்படக்கூட இல்லையாம், பொறுமையாக, "உங்க பொண்ணுங்க ஓட்டெல்லாம் அவங்கவங்க ஊர்ல இருக்கு, வெளக்கையும் அங்கயே கேக்கச் சொல்லுங்க" என்றாராம். நியாயமான பேச்சுதான். இவளுக்கு ஆத்திரம் வரவில்லை, இந்தப் பேச்சை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எங்கே கேட்பாள், வீட்டில்தான்.

வீடு என்றால் கல்குவாரிக்காரர் கட்டிப்போட்ட வரிசை வீடு. கீழ் வரிசைக்கு வாசலில் குழாய் உண்டு, மேல் வரிசை மேட்டில், தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்துதான் போக வேண்டும். மூன்று ஓட்டும் அதற்கு மேலும் உள்ள குடும்பத்துக்குக் கீழ் வரிசை, இரண்டும் ஒன்றும் உள்ளவர்களுக்கு மேல் வரிசை, இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். குவாரிக்காரரின் மச்சான்தானே ஒவ்வொரு முறையும் தேர்தலில் நிற்கிறார். அப்பா, அம்மா என்று இரண்டே ஓட்டோடு மேல் வரிசையில் கிடந்தார்கள், பகலெல்லாம் கல் சுமந்த இடுப்பில் அந்திக்குக் குடம் ஏறும், அம்மாவின் வலது முழங்கால் மடங்காமல் போனது கல்லாலா தண்ணீராலா, யார் பிரித்துச் சொல்வது? இவளுக்குப் பதினெட்டு முடிந்த வாரம் குவாரி மேஸ்திரியே படிவத்தோடு வந்தார், இவள் எழுதவில்லை, அவரே எழுதினார், இவள் கையெழுத்து மட்டும் போட்டாள். பட்டியலில் பெயர் வந்ததும் கீழ் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதுவும் வைக்காமல், தண்ணீர் சும்மா ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்... பிறந்தநாளுக்கு இதைவிடப் பெரிதாக எந்தப் பெண் என்ன கொண்டுவந்து கொடுத்துவிட முடியும்?

ஓட்டுப் போடும் நாளில் குவாரி லாரியே வரும், சல்லி ஏற்றுகிற லாரி, தார்ப்பாயை விரித்து உட்கார வைப்பார்கள். அப்பாவுக்கு ஆட்காட்டி விரல் கிடையாது, கல் அரைக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது, மை வைக்கிற ஆள் திருதிருவென்று முழிக்க, "இவனுக்கு மை வெக்கறதுக்கே விரல் தேடணும்யா" என்று மேஸ்திரி சொன்னதும் சாவடியே சிரித்தது, அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இவள் உள்ளே போனாள், அம்மா முழங்கையால் இடித்துச் சொல்லியிருந்த பொத்தானை அழுத்தினாள், வெளியே வந்து மேஸ்திரியின் முன்னால் நின்று, போட்டுட்டேன் என்றாள். வேலைக்கு வந்ததும் பேர் கொடுக்கிற மாதிரி. சொல் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் சொன்னாள்?

ரேடியோவிடம் வரிசையில் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் தூணுக்கு அப்பால் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்தாள், பின்னால் கல் அரைபடும் இரைச்சல், சாப்பிட்டாயா என்பதுதான் முதல் கேள்வி, எப்போதும் அதுதான். இவள் சந்தின் இருட்டைச் சொன்னாள், விளக்கைச் சொன்னாள், பல் போன பெண்ணைச் சொன்னாள், கடைசியில்தான் முகவரியைச் சொன்னாள்.

"இங்க பேர எடுத்தாதான் அங்க சேப்பாங்களா?"

"ஆமாம்மா."

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சிடுமா?"

"புதுப் பட்டியல் வந்தா தெரிஞ்சிடும்."

யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள், வரேன் இரு என்று அங்கே திரும்பிக் கத்தினாள், பிறகு போனை வாயருகே கொண்டுவந்து, "சரி, தண்ணிய நான் தூக்கிக்கறேன். நீ இருட்டுல நடக்காத" என்றாள், லாரி வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தால் முன்னால் ஒருத்திதான் பாக்கி. என்ன ஆச்சு பாறை, அம்மா திட்டினாங்களா என்று ரேடியோ கேட்டாள், கல்குவாரிப் பெண் என்பதால் இவளுக்குப் பாறை என்று பெயர். இல்லை என்று தலையாட்டினாள். ஒன்றரை வருஷத்தில் படிப்பு முடிந்து இவள் போய்விடுவாள், விளக்கு வந்தாலும் வேறு யாருக்கோ எரியும், வராமலும் போகலாம், குடம் மட்டும் நிச்சயம் ஏறும், மடங்காத காலோடு, ஒரு நாளைக்கு எத்தனை நடை... வீட்டு முகவரியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்? ரேடியோ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மூன்றாம் நாள் பேசாமல் அவளால் இருக்க முடியாது.

"எந்த முகவரி?" என்றார் ஆசிரியை.

விடுதி என்று சொன்னது அவள் குரல்தான். நிரப்பினாள், கட்டத்துக்குள்தான் எழுதினாள், ஊரில் பெயர் இருப்பதையும் எழுதினாள், இந்த முறை முழுவதும் அவள் கையெழுத்து. ஆசிரியை போட்டோவை ஒட்டிப் படிவத்தைக் கட்டோடு சேர்த்தார். மாற்ற முடியுமா என்று கேட்டாள், கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாயங்காலம் கட்டு கட்டற வரைக்கும் இங்கதான் இருப்பேன், மாத்தணும்னா வந்து சொல்லு. அப்புறம் வந்து அழுதா என்னால ஒண்ணும் ஆகாது கண்ணு."

ரேடியோ முதுகில் தட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். இவள் போகவில்லை, நூலகப் படியில் உட்கார்ந்தாள், அங்கிருந்து பார்த்தால் மேசை தெரிகிறது, கட்டின் மேல் புதிதுபுதிதாகப் படிவங்கள் விழுகின்றன, இவளுடையது இப்போது எவ்வளவு அடியில் இருக்கும்? கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை, உறுப்பினர்மேலா, மேஸ்திரிமேலா, அவர்கள்மேல் கோபம் பழகிப்போய்ப் புளித்துவிட்டது, இது புதிது, சூடாக இருந்தது. மெல்லத் தேடிப் பார்த்ததில், அம்மாமேல். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம், குடியைக் கெடுக்கிறாயா என்று கத்தியிருக்கலாம், இவளும் அழுதுகொண்டே வீட்டு முகவரியை எழுதிவிட்டு நிம்மதியாக வகுப்புக்குப் போயிருப்பாள்... அப்படியானால் அனுமதி கேட்கவா போன் போட்டாள்? இல்லையே. வேண்டாம் என்று சொல்ல வைக்கத்தானே போட்டாள். அம்மாவுக்கு அது தெரிந்துதான் சொல்லவில்லையா, இல்லை, லாரி வந்துவிட்டதாலா?