பெரியக்காவின் ரிப்போர்ட்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியத் தீர்ப்பாயத்துக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுப்பவன் நான். படையில் லாரி ஓட்டிய ஒருவரின் (லாரிக்காரர் என்றே சொல்கிறேன்) மூன்று அப்பீல்களும் என் விரல் வழியாகப் போனவை. அடுத்தவர் கஷ்டத்துக்கு எண் போட்டுப் பழகிய கை. கதைக்கும் எண் விழுந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் ஒன்று: பனி மூடிய மலைப்பாதையில், குண்டுமழைக்கு நடுவே, சீறிப் பாய்ந்தது அந்த லாரி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த

(நிறுத்திவிட்டேன். முதல் அப்பீலிலும் இந்த வரியை எழுதிப் பார்த்தேன். அவர் படித்துவிட்டு, "யாரும் சுடல சார். மேல இருந்த முகாமுக்கு மண்ணெண்ணெயும் மாவும் ஏத்திட்டுப் போனேன். அத மட்டும் எழுதுங்க" என்றார்.)

2

அதை மட்டும் எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். சேரும்போது எடுத்த பரிசோதனையில் சர்க்கரை இல்லை. முப்பத்தாறாவது வயதில், மலையில் தொடர்ந்து பதிமூன்றாவது மாதம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, தாகம் பிடித்துக்கொண்டது. ஒரே பயணத்தில் எட்டு பாட்டில் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முகாம் மருத்துவர் சீட்டில் எழுதினார்: சர்க்கரை நோய். அடுத்த ஆண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து பள்ளிப் பேருந்து ஓட்டினார். பாதம் மெல்ல மெல்ல மரத்துப்போனது. ஒருநாள் சாயங்காலம் அவர் மனைவி அலறினார்: "என்னங்க இது, வீடெல்லாம் ரத்தம்!" யாருடைய ரத்தம் என்று அவரும் சேர்ந்து தேடினார். காலணியைத் துளைத்த ஆணி காலையிலிருந்தே அவர் பாதத்தில் இருந்திருக்கிறது. இரண்டு விரல்கள் போயின.

புண் ஆறி வண்டியில் ஏறிய முதல் காலை. முப்பது பிள்ளைகள் பின்னால். பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று கால் சொல்லவில்லை. ஓரமாக நிறுத்தினார். சாவியை அவராகவே கொடுத்துவிட்டு வந்தார்.

ஊனமுற்ற வீரருக்கான சலுகைக்கும் சிகிச்சைக்கும் விண்ணப்பித்தார். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "இது பறம்பரை நோய், பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை." இரண்டு முறை அப்பீல் போட்டார். இரண்டு முறையும் அதே வரி, அதே எழுத்துப்பிழையோடு வந்தது.*

* பரம்பரைக்கு வல்லின 'ற' கிடையாது. தள்ளுபடியைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. டைப் அடிப்பவன் புத்தி.

3

"எங்க அப்பா அம்மா மேல பழியப் போடுறாங்க சார். அவங்க ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் சர்க்கரை கிடையாது. எங்க வீட்டுல யார் வந்து கேட்டாங்க?" என்று கொதித்தார் லாரிக்காரர்.

மூன்றாவது அப்பீலுக்குப் பக்கத்தில் இருந்த மனைவிதான் வழி சொன்னார். "உங்க அக்காங்க அஞ்சு பேரும் நல்லாத்தானே இருக்காங்க? ரத்தம் குடுக்கச் சொல்லுங்க."

ஐந்து அக்காக்களும் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். ஊசிக்குப் பயந்த இரண்டாவது அக்காவை மற்ற நால்வரும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்களாம். நான்கு ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. பெரியக்காவுக்குச் சர்க்கரை. மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுவதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

(இங்கேதான் நான் சறுக்கினேன்.) "நாலு அக்கான்னே போட்டுடலாமே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்போ பெரியக்கா பொறக்கவே இல்லையா சார்? என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ. அஞ்சையும் வைங்க."

இப்படி ஒரு பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். ஆகவே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: மனைவிக்குத் தெரியாமல் என் மேசையருகே உட்கார்ந்து டீக்கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பார். வீட்டில் பொய் சொல்வார். காகிதத்தில் சொல்லமாட்டார்.

4

விசாரணை அன்று அலுவலகத்து வக்கீல் பெரியக்காவின் ரிப்போர்ட்டைத் தூக்கித் தீர்ப்பாயத் தலைவர் அம்மாவிடம் காட்டினார். "பாருங்கம்மா, அவங்களே குடுத்திருக்காங்க. குடும்ப நோய்தான்."

யாரும் கூப்பிடாமலே பெரியக்கா எழுந்தார்.

"உட்காருங்கம்மா" என்றார் தலைவர் அம்மா.

"ஒரே ஒரு நிமிஷம். எனக்கு இது வந்தது அறுபத்தாறு வயசுல. இவனுக்கு வந்தது முப்பத்தாறுல. ஒரே வயித்துல பொறந்தோம். நாங்க அஞ்சு பேரும் வீட்டுல இருந்தோம், இவன் மட்டும்தான் மலைக்குப் போனான். நடுவுல இருக்கிற முப்பது வருஷத்த இவன் எங்க தொலைச்சான்னு அந்த வக்கீல் தம்பிகிட்ட கேளுங்க."

தலைவர் அம்மா உண்மையிலேயே வக்கீல் பக்கம் திரும்பினார். "பரம்பரைன்னு எழுதினீங்களே, இந்தக் குடும்பத்துல யாரைக் கேட்டு எழுதினீங்க?"

வக்கீல் கோப்பைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "பதிவு எதுவும் இல்லைங்கம்மா."

"சேரும்போது இல்லாத நோய் பணியில வந்திருக்கு. பணியால வரலைன்னு காட்ட வேண்டியது நீங்க. ஒரு வார்த்தை எழுதிட்டா காட்டினதா ஆயிடாது."

பிறகு உத்தரவு. சர்க்கரை நோய், அதனால் செத்த நரம்புகள், போன விரல்கள் எல்லாமே பணியால் வந்தவை, அப்பீல் ஏற்கப்படுகிறது.

லாரிக்காரர் எழுந்து நின்றார். "அம்மா, அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவை படிங்க."

அவர் படித்தார், இந்த முறை நிறுத்தி நிதானமாக. இரண்டாவது அக்கா கை தட்டிவிட்டார். "கை தட்டக் கூடாது" என்று அதட்டிய சேவகருக்கே வாய் காதுவரை போனது.

5

முடிவு அ: அவர் மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறார். (பொய். நரம்பு உத்தரவுக்குக் கட்டுப்படாது.)

முடிவு ஆ: பெரியக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு கண்ணீர் (நடக்கவில்லை. "மாத்திரை சாப்பிடுறத ஏன் மறைச்ச?" என்று அவர் திட்ட, "டீக்கடைக் கதையெல்லாம் எனக்கும் தெரியும்டா" என்று அக்கா திட்ட, மனைவி "எந்த டீக்கடை?" என்று கேட்க, வராந்தாவே சிரித்தது.)

நடந்தது இவ்வளவு: வராந்தா பெஞ்சில் ஒருவர், செருப்புக்குள் கட்டுப் போட்ட காலோடு, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். சிரித்துக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்களா? எப்படிங்க?" என்று கேட்டார்.

ஆட்டோ வந்துவிட்டது. ஐந்து அக்காக்களும் கூப்பிட்டார்கள். லாரிக்காரர் அவர்களைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, அந்த மனிதரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், வாயைத் திறந்தார்.

அவர் சொன்ன முதல் வாக்கியம் என்ன? நான் டைப் அடிக்கப் போவதில்லை. இதுவரை கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, நீங்கள் சொல்லுங்கள். அந்த மனிதர் காத்திருக்கிறார்.