கண்ணாடியில் பட்டு வரும் பந்து

சனிக்கிழமை காலை தோழி கேரனின் பெயர் திரையில் வந்ததும், நளினி கைப்பேசி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடியும் அடித்தது. எட்டு மாதமாக அந்தப் பெயரிலிருந்து அழைப்பு வந்ததில்லை.

"அக்கா, பத்து மணிக்கு கோர்ட் புக் பண்ணிருக்கேன். ரேக்கெட் எடுத்துட்டு வாங்க."

"யாரு விளையாடப் போறா?"

"நான்தான். வேற யாரும் இல்லலா. வாங்க."

இருவரும் மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். பக்கத்து ஊரான சுங்கை பட்டாணியில் பேடல் என்ற ரேக்கெட் ஆட்டம் வந்த புதிதில் வேடிக்கை பார்க்கப் போய், ஜோடி சேர்ந்து வாரம் தவறாமல் ஆடத் தொடங்கினார்கள். அந்த ஆட்டத்தில், எதிராளி அடித்த பந்து தரையில் ஒரு முறை குத்தி, பின்பக்கக் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தாலும் எடுத்து அடிக்கலாம். அதில் நளினி கெட்டிக்காரி. கடைசியாகச் சேர்ந்து ஆடிய அன்றும் அப்படி வந்த ஒரு பந்தைத்தான் பலங்கொண்ட மட்டும் அடித்தாள். முன்னால் வலையருகே நின்ற கேரன் அதே நொடியில் திரும்பிப் பார்த்தாள். பந்து அவள் இடது கண்ணில் பட்டது.

மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. மருத்துவமனைக்கு நளினி இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை கேரனின் கணவன் ரஃபேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதோடு போவதை நிறுத்திவிட்டாள். தொழிற்சாலையிலும் வேறு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கோர்ட்டில் கேரன் தடித்த காகிள்ஸ் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வலைகிட்ட இனி என்னால நிக்க முடியாதுக்கா. பந்து எவ்வளவு தூரத்துல வருதுன்னே தெரியல. பின்னால நின்னா, கண்ணாடியில பட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். உங்களோட அந்த அடிய எனக்குக் கத்துக் குடுங்க."

நளினி வலைக்கு அப்பால் போய்க் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அடித்தாள். அது கண்ணாடி வரை போகாமலே செத்து விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

"என்னக்கா, நோயாளிக்குக் கஞ்சி ஊத்துற மாதிரி? ஓங்கிப் போடுங்க."

கை எழவில்லை. நளினி ரேக்கெட்டைத் தாழ்த்தினாள். "உனக்கு என் மேல கோபமே இல்லையா?"

கேரன் காகிள்ஸைச் சரிசெய்துகொண்டாள்.

"இருந்துச்சு. இன்னும் இருக்கு. மகளுக்குச் சடை பின்னும்போது வகிடு கோணிப் போகும். அப்ப வரும். நீங்க அடிச்சதுக்கு இல்லக்கா. பிறகு வராமயே போயிட்டீங்களே, அதுக்கு."

 பயந்துதான் வரவில்லை என்று சொல்ல நளினி வாயெடுத்தாள். அது கேரனுக்குத் தெரியாததா? ஒரு பந்தை எடுத்து, இந்த முறை ஓங்கி அடித்தாள்.

பந்து தரையில் குத்தி, கண்ணாடியில் மோதித் திரும்பியது. கேரன் அதற்குள் ரேக்கெட்டை வீசிவிட்டிருந்தாள். காற்றில்தான் பட்டது. பத்துப் பந்து, இருபது பந்து. ஒருமுறை ரேக்கெட் கண்ணாடியில் மோதியது. நளினி பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"போடுங்க," என்றாள் கேரன்.

"அவசரப்படாத. பந்து உன்னத் தாண்டிப் போகட்டும், விடு. பக்கவாட்டுல திரும்பிக்க. கண்ணாடியில பட்ட சத்தம் கேட்டதும் முட்டிய மடக்கு. பந்து உனக்கு முன்னால வந்தப்புறம் அடி."

நாற்பதாவது பந்தோ என்னவோ, கேரன் காத்திருந்தாள். டொப்பென்று சத்தம் கேட்டது. தாழ்ந்து, மெல்ல எடுத்தாள். பந்து வலையைத் தாண்டி வந்து நளினியின் காலடியில் விழுந்தது.  நளினி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்தை எடுத்தாள். கடைசிப் பத்தில் நான்கு திரும்பி வந்தன.

கேரனை அழைத்துப்போக வந்த ரஃபேல் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. நளினி தானாகவே அவனிடம் போனாள்.

"நான் வந்திருக்கணும் தம்பி. வரல."

அவன் மனைவியின் வியர்த்த முகத்தைப் பார்த்தான். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அடுத்த சனிக்கிழமையும் பத்து மணிக்குத்தான் புக் பண்ணிருக்கா," என்றான். "வந்துருங்க."