பக்கவாட்டுப் படம்

காளியண்ணன் சித்தப்பா கால்வாயோரத்தில் வெட்டிவந்த வாழையிலையை, பாயில் கிடத்தியிருந்த அப்பாவின் காலடியில் விரித்தார். இலையின் விளிம்பைப் பிடித்தபடி அதுவும் கூடவே வந்துவிட்டது. தீக்குச்சியைவிட மெலிந்த ஊசித்தட்டான். ஊதுபத்திப் புகை பட்டபோதெல்லாம் இறக்கைகளை லேசாக விரித்து, மறுபடியும் முதுகின்மேல் மடித்துக்கொண்டது.

தலைமாட்டில் இருந்த மகள் தனேஸ்வரிக்கு அழுகை நின்றுவிட்டது.

“அண்ணன் வந்துட்டாரு!” அமராவதி அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “விடியக்காலைல போன உசுரு, மறந்து வச்ச சாமான எடுக்க வந்த மாதிரி வந்திருக்கு பாரு.”

பக்கத்து வீட்டுக் கங்கா எட்டிப் பார்த்தாள். “இத்துனூண்டாவா? அழகேசண்ணன் ஏறுனா லோரியே ஒரு பக்கம் சாயும்லா.”

யாரோ சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டிய அப்பா, முட்டி போனபிறகு கைபேசியில் தட்டான்களைப் படம் பிடிக்கத் தொடங்கியவர். ஈஜோக் ஊர்க் கால்வாய்களில் கண்டதையெல்லாம் எடுத்து முகநூல் குழுவில் போடுவார். பெயர் தேடி அவரும் தனேஸ்வரியும் சோறு ஆறும்வரை சண்டை போடுவார்கள். இந்தச் சின்னதுக்கு மட்டும் பெயர் அமையவில்லை. பார்க்க ஒரே மாதிரி இரண்டு இனங்கள். ஆணின் வால்நுனியில் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி கொக்கி இருக்கும். எந்த ஜோடி நீளம் என்று பார்த்துத்தான் பிரிக்கமுடியும். அது தரையோடு தரையாகப் பக்கவாட்டில் எடுத்த படத்தில்தான் தெரியும். முட்டி மடங்காத அப்பா எடுத்ததெல்லாம் மேலிருந்து.

“மேல் ஜோடிதான் நீளம். எழுதி வச்சுக்க” என்பார்.

“கண்ணுக்கே தெரியல, எப்படிப்பா சொல்றீங்க?”

“அப்ப நீ படுத்து எடு. எடுத்துட்டு வந்து பேசு.”

படுத்து எடுக்க நினைத்த வாரம் மழை விடவில்லை. மழை விட்டபோது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

வாசலில் வண்டி நின்றது. “பெட்டி வந்துருச்சு. காலடிய ஒதுக்குங்க” என்றார் சித்தப்பா.

இலையைத் தொட்டால் அது போய்விடும். தனேஸ்வரி கைபேசியோடு எழுந்தாள்.

“அப்பன் கெடக்குறாரு, இவளுக்கு இப்ப போனு!” என்றாள் அத்தை.

அவள் காதில் விழவில்லை. காலடிக்குப் போய்க் குப்புறப் படுத்தாள். சிமெண்டுத் தரை கன்னத்தில் சில்லிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கைபேசியை அருகே நகர்த்தினாள். அது திரையை நிறைத்தது. கறுப்பு உடலில் இளம்பச்சைக் கோடுகள். கண்களுக்குப் பின்னால் இரண்டு நீலப் பொட்டுகள். மூடிய இறக்கையில் எண்ணமுடியாத சின்னச்சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் குத்துவிளக்கின் வெளிச்சம். இவ்வளவும் இத்தனை நாள் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் ஓரத்துப் புல்லில், யாருக்காகவும் இல்லாமல் இருந்திருக்கிறது.

அவள் விரல் அழுத்தியது.

“ஐயோ, புள்ள மயங்கி விழுந்துருச்சு!”

பெண்கள் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கங்கா முகத்தில் தண்ணீர் தெளித்தாள். “சூடா ஒரு மைலோ கலக்கிக் கொண்டாங்க!” பச்சைக்கோடு ஒன்று எல்லோர் தலைக்கும் மேலே தடுமாறி, சன்னல் வெளிச்சத்தில் கரைந்தது. மயங்காத தனேஸ்வரி எழுந்து உட்கார்ந்து, கொடுத்த மைலோவைக் குடித்தாள்.

பிறகு முந்தானை மறைவில் படத்தைப் பெரிதாக்கினாள். கூரிய, வளைந்த, நண்டின் பிடி போன்ற கொக்கிகள். கீழ் ஜோடிதான் நீளம்.

“அப்பா, கீழ...” என்று பாயின் பக்கம் திரும்பிவிட்டாள்.

அத்தை காதருகே குனிந்தாள். “படத்துல விழுந்துச்சா? நெசமா சொல்லு. அண்ணன்தானே?”

கொக்கிகளை இன்னொரு முறை பார்த்தாள். “ஆம்பளதான் அத்தை.”

அத்தை கைகூப்பினாள்.

பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். குழுவுக்கு அனுப்புமுன், பூச்சியைத் தவிர மற்றதை வெட்டிவிடுவது வழக்கம். தனேஸ்வரி வெட்டும் கட்டத்தைச் சுருக்கினாள். கொக்கிகளுக்குப் பின்னால், மங்கலாக, வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு கால் பெருவிரல்கள் இருந்தன.

அவை முழுதாக உள்ளே வரும்வரை கட்டத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்.