பங்குக் கிணற்றில் உக்ரேன்

உக்ரேனில் சண்டை தொடங்கிவிட்டது என்று செய்தி வந்த அன்று காலை, என் அண்ணை சிவசுப்பிரமணியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு லான்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கிளப்பிக்கொண்டு சுன்னாகத்துக்குப் போனார். மத்தியானம் திரும்பி வரும்போது அதன் இழுவைப்பெட்டிக்குள் ஒரு பரல் மண்ணெண்ணெய், பத்துக் கிலோ உப்பு, ஒரு பெட்டி சவர்க்காரம், நாலு கட்டு நெருப்புப்பெட்டி. உலகத்தில் எங்கே சண்டை என்றாலும் புத்தூர்க்காரனின் கை தன்பாட்டில் மண்ணெண்ணெய்க்குத்தான் போகும். தொண்ணூறாம் ஆண்டில், எங்கள் சண்டைக்காலத்தில் ஊருக்குள் எண்ணெய் விடாமல் தடுத்தபோது பழகிய கை அது.

என் வீட்டுக்காரர் கனகசபாபதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"மச்சான், உக்ரேன் எங்கை கிடக்கு, புத்தூர் எங்கை கிடக்கு? குண்டு இஞ்சை வந்து சேர முந்தி உன்ரை உப்புக் கரைஞ்சு போயிடும்."

"சிரி, சிரி. வைகாசியிலை வந்து கேட்பாய்" என்றார் அண்ணை.

வைகாசி வந்தது. எண்ணெய் வாங்க நாட்டில் டொலர் இல்லை, ஊரில் விளக்குக்கு விடவும் மண்ணெண்ணெய் இல்லை. பெற்றோல் செட்டில் நின்ற வரிசையில் ஆட்கள் வெற்று எண்ணெய்க் கானை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் இவர், என் வீட்டுக்காரர், போய்க் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் இரண்டு பேரும் இல்லை.

எங்கள் தோட்டமும் அண்ணையின் தோட்டமும் ஒரே கிணற்றை நம்பியவை. ஐயா எனக்குச் சீதனம் எழுதும்போது நாலு பரப்புத் தோட்டக்காணியும் கிணற்றில் அரைப்பங்கும் என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதினார். மற்ற அரைப்பங்கு அண்ணைக்கு. தோட்டத்துக்குக் கரண்ட் இல்லை. தண்ணீர் இறைக்கிற மெசின் எங்களுடையது. துளி பெற்றோலில் கிளம்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். எண்ணெய் அண்ணை விடுவார். முப்பது வருசமாக ஒரு குறை இல்லாமல் நடந்த காரியத்தை, யாரோ இரண்டு நாட்டுக்காரர் அடிபட்டுக் கெடுத்தார்கள்.

இவர் ரஷ்யாவின் பக்கம். காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பள்ளிக்கூட நாளில் ரஷ்யாவிலிருந்து மலிவாய் வந்த சஞ்சிகைகளின் வழுவழுப்பான தாளில்தான் இவர் கொப்பிகளுக்கு உறை போட்டாராம். மாரி மழையில் நனைந்தும் கொப்பிக்கு ஒன்றும் நடக்கவில்லையாம். அண்ணை உக்ரேனின் பக்கம். அவருடைய மகன் சயந்தன் ஏஜென்சிக்காரனை நம்பி பிரான்சுக்குப் போன வழியில், உக்ரேனில் ஒரு நிலக்கீழ் அறைக்குள் இரண்டு மாதம் கிடந்தவன். பக்கத்து வீட்டு மனுசி ஒருத்தி ஒவ்வொரு நாளும் அவித்த கிழங்கு கொண்டு வந்து வைப்பாளாம்.

"என்ரை பிள்ளைக்குச் சோறு போட்ட நாடு" என்று அண்ணை சலூனில் வைத்துச் சொன்னார்.

"கிழங்குதானே போட்டது" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த இவர் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அத்தோடு விட்டாரா? சண்டையின் மூலகாரணத்தையும் விளக்கினார். "மற்றவன் வேலிக்கரை மட்டும் வந்தா ரஸ்யாக்காரன் சும்மா இருப்பானோ? நீ வேலிக் கதியால் தடியை ஒரு முழம் இஞ்சாலை, என்ரை காணிக்குள்ளை அரக்கி நட்டா நான் சும்மா இருப்பனோ?"

"அப்ப நான் கதியால் அரக்கினனான் எண்டு சொல்லுறாய், என்ன?"

"நான் ஒரு கதைக்குச் சொன்னனான்."

"கதைக்கு வேறை வேலி கிடைக்கேல்லையோ?"

அண்ணை பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு எழும்பி வீட்டுக்கு வந்தார். வந்ததும் மண்ணெண்ணெய்ப் பரல் இருந்த கொட்டிலைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டினார். "ரஸ்யாக்காரருக்கு ஒரு சொட்டும் இல்லை." இவரும் லேசுப்பட்டவரா? கிணற்றடிக்குப் போய் மெசினுக்குப் பொறி தருகிற பிளக்கைக் கழற்றிச் சாரத்து மடியில் முடிந்துகொண்டார். "உக்ரேன்காரர் என்ரை மெசினைத் தொடேலாது." இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெங்காயத்துக்கு அப்போது முப்பத்தைந்தாம் நாள். குமிழ் பெருக்கிற நேரம். செம்பாட்டு மண்ணில் நாலு நாளுக்கு ஒருக்கால் இறைக்காவிட்டால் போயிற்று. ஒவ்வொரு வெங்காயத்தையும் குனிந்து நட்டவள் நான். இன்னும் என் இடுப்பு நிமிரவில்லை. ஆறாம் நாள் போய்ப் பார்த்தேன். வெங்காயத்தாள் நுனியெல்லாம் மஞ்சள்.

வீட்டுக்கு வந்தால் இவர் போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மகாதேவி, இஞ்சை பார். கிழக்குப் பக்கத்தாலை முன்னேறுறாங்கள்."

"எங்கடை கிழக்குப் பக்கப் பாத்தி முழுக்கக் கருகுது. அதை ஆர் பாக்கிறது?"

"பொறு, உவங்கள் பேச்சுவார்த்தைக்கு வருவாங்கள்."

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி ஊரை நெருங்க, நாங்கள் வெங்காயத்தை நிலத்தில் விட்டுவிட்டு ஒரு மழையிரவில் கொடிகாமத்துக்கு ஓடினோம். ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் பாத்தியில் புல். அதை யார் கிண்டினார்கள், யார் தின்றார்கள், இன்றுவரைக்கும் தெரியாது. ஒரு தோட்டத்தைச் சண்டைக்குக் கொடுத்தாயிற்று. யாரோ பிடிக்கிற சண்டைக்கு இன்னொன்றைக் கொடுக்க எனக்கு விசர் இல்லை.

மறுநாள் விடிய இவர் குளிக்கப் போகும்போது பிளக்கைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார். பிள்ளையாரே, இது களவில்லை என்று சொல்லிவிட்டு எடுத்தேன். முதல்நாள் வேலியடியில் பேசி வைத்தபடி, கிணற்றடியில் அண்ணையின் மனைவி குணலட்சுமி மச்சாள் பால்வாளியோடு நிற்கிறா. வாளி நிறைய மண்ணெண்ணெய்.

"சாவி அண்ணையிட்டையெல்லோ?"

"சாவி அவரிட்டைத்தான். கொட்டிலின்ரை பின்பக்கம் ஓலைக் கிடுகுதானே, பிரிச்சுப்போட்டன்" என்றா மச்சாள். தன் மகளின் ஸ்கூட்டியிலிருந்து ஒரு மூடி பெற்றோலும் கொண்டு வந்திருந்தா.

பிளக்கைப் பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தோம். இரண்டு தரம் இருமிய மெசின் மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குபுகுபு என்று வாய்க்காலில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாய் அழுதேன்.

மெசின் சத்தம் ஊருக்கே கேட்குமே. இவர் ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். அந்தப் பக்கத்தால் அண்ணை மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"என்ரை மெசினை ஆர் தொட்டது?"

"உது என்ரை எண்ணெய் மணமெல்லோ?"

"ரெண்டு பேரும் நில்லுங்கோ" என்றேன். "மெசின் இவரின்ரை, எண்ணெய் உங்கடை. கிணறு என்ரை. உறுதியை எடுத்துப் பாருங்கோ."

"அரைக் கிணறுதானே" என்றார் அண்ணை.

"நான் என்ரை அரையிலைதான் இறைக்கிறன். மற்ற அரை அப்பிடியே கிடக்கு, பாருங்கோ."

மச்சாள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அந்த நேரம் பார்த்து வாய்க்கால் உடைத்துக்கொண்டது. ஆறு நாள் காய்ந்து வெடித்திருந்த வரம்பு, தாங்கவில்லை. தண்ணீர் தெரு ஒழுங்கைப் பக்கம் ஓடத் தொடங்கியது. உலகப் போரே வந்தாலும் எங்கள் ஆட்களுக்கு இறைத்த தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. அண்ணை பாய்ந்து மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி ஒரு பாத்தியிலிருந்து மற்றப் பாத்திக்குத் தண்ணீர் மாறினார். ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

"தங்கச்சி, உந்த ரஸ்யாக்காரரை அடுத்த பாத்திக்கு மாறச் சொல்லு" என்றார் அண்ணை.

"இந்தப் பாத்தி இன்னும் நிறையேல்லை எண்டு உக்ரேன்காரரிட்டைச் சொல்லு" என்றார் இவர்.

இரண்டு தோட்டமும் இறைத்து முடிய வெயில் ஏறிவிட்டது. பூவரச மரத்துக்குக் கீழே தேத்தண்ணீர் ஊற்றினேன். இவர் பழக்கதோசத்தில் போனை எடுத்தார். கூரையில்லாத ஒரு வீடு. அதற்கு முன்னால் தலையில் துணி கட்டிய வயதான மனுசி ஒருத்தி குனிந்து கிழங்கு நடுகிறா. அது எந்தப் பக்கத்து ஊர் என்று எழுத்தைப் பார்த்தும் விளங்கவில்லை.

அண்ணை எட்டிப் பார்த்தார். போனைத் தன் கைக்கு வாங்கினார். "சயந்தனுக்குக் கிழங்கு குடுத்த மனுசியும் உப்பிடித்தான் தலையிலை துணி கட்டியிருப்பாவாம்" என்றார்.

கிழங்குதானே என்று இவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆழம் காணாது, மச்சான். வெயிலுக்குக் காயும்" என்றார்.

"ஓம். தண்ணியும் காணாது."

உக்ரேன் சண்டை தொடங்கிய பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு கதை வந்துவிட்டது.

"உவ நடுறதை உவவே கிண்டுவாவோ?"

அண்ணை போனைக் குப்புற வைத்தார். மச்சாள் மண்ணைப் பார்த்தபடி இருந்தா. தொண்ணூற்றைந்தில் எங்களோடு ஓடியவர்கள்தானே எல்லோரும்.

பிறகு இவர் எழும்பிப் போய் மெசினின் பிளக்கைக் கழற்றினார். மடியில் முடியப் போகிறார் என்று நினைத்தேன். என் கையில் வைத்தார். இன்னும் சூடாய் இருந்தது.

அண்ணை அரைஞாண் சாவியை ஒருக்கால் தடவிப் பார்த்தார். "சாவி தேவையில்லை" என்றார். "பின்பக்கம் பிரிச்சுத்தானே கிடக்கு. வாற முறைக்கு உந்த வழியாலையே எண்ணெய் எடுங்கோ."