ராஜவேலு சட்டைப்பையில் இருந்த ஊக்கு

காணை ஏரிக்கரை மரத்திலிருந்து காற்றில் விழுந்த நத்தைகுத்தி நாரைக் குஞ்சைத் தைலம்மாள் எடுத்து வந்து வளர்த்தாள். பிள்ளையில்லாத வீடு. வயலில் பொறுக்கிய நத்தையைத் தன் தாலி ஊக்கால் நோண்டி, சதையை மட்டும் ஊட்டுவாள். ஓடு தொண்டையைக் கிழித்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

இரண்டு வருஷத்தில், கூடப் பிறந்த ஏரி நாரைகளுக்கெல்லாம் அலகின் நடுவே பாக்குவெட்டி மாதிரி இடுக்கு விழுந்துவிட்டது. வழுக்குகிற நத்தையைக் கவ்வ அந்த இடுக்குதான் வேண்டும். இதற்கு மட்டும் அலகு சாத்திய கதவாகவே கிடந்தது. "ஓட்டோட மல்லுக்கட்டாத மூக்குக்கு சந்து எதுக்கு?" என்று அவள் புருஷன் ராஜவேலுதான் டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். சொன்னதை முதலில் மறந்தவனும் அவன்தான்.

2003 ஐப்பசியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றச் சொன்னபோது ஊக்கை அவன் கையில் வைத்தாள்.

"ஏங்க, இதால எடுத்து ஊட்டுங்க. மறந்துடாதீங்க."

"நான் இன்னாமே, அதுக்குத் தாய்மாமனா? பசிச்சா தானா உடைச்சித் தின்னும்."

பக்கெட் நிறைய நத்தையை நாரை அடையும் கொட்டகையில் வைத்தான். நாய் நுழையாமல் வெளித்தாழ் போட்டான். மூன்றாம் நாள் மாட்டைப் பார்க்க ஊருக்குப் போனவன் கொட்டகையை எட்டிப் பார்த்தான். பக்கெட் அப்படியே இருந்தது. நாரை ஒற்றைக்காலில் நின்றது. இன்னும் சரியாகப் பசிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினான்.

"தின்னுச்சாங்க?"

"தின்னுச்சாவா? நத்தை பத்தலன்னு பஞ்சாயத்து ஆபீசுல மனு குடுத்துட்டு வந்துக்கினு இருந்துச்சி. வழியில பார்த்தேன்."

வார்டே சிரித்தது. தைலம்மாள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் நாள் வீடு திரும்பியவள் நேரே கொட்டகைக்குப் போனாள். நாரை சுவரோரம் விழுந்து கிடந்தது. அலகு நுனி சிதைந்திருந்தது. நத்தைகள் பக்கெட்டைவிட்டு இறங்கி அந்த அலகின்மேல் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஓடு உடைந்தது ஒன்றுகூட இல்லை.

"காலையில கூட..." என்று ராஜவேலு ஆரம்பித்தான்.

அவள் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து கையை நீட்டினாள். "ஊக்கு."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அழுக்குப்படாமல் பளபளவென்று இருந்தது. ஒரு நத்தையைப் பொறுக்கி, பதறாமல் நோண்டி, சதையை ஊக்கு முனையில் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாயைத் தொறய்யா."

ராஜவேலு திறந்தான்.