வெந்நீர் வாய்க்கால்

மின் நிலையத்தின் இயந்திரச் சூட்டைச் சுமந்து வரும் தண்ணீர், ஒரு சிமெண்ட் வாய்க்கால் வழியாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா, தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். அன்று முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. பதிவேட்டில் முப்பத்து நான்கு என்று எழுதினாள்.

முப்பத்தைந்தைத் தாண்டினால் நிலையத்தை நிறுத்த வேண்டிவரும். "கடல் என்ன குட்டையாம்மா? நாலு டிகிரியில என்ன ஆகிடப்போகுது?" என்று மேற்பார்வையாளர் சிரித்தபடி சொன்ன நாளிலிருந்து ஏழு மாதமாக இதே கதைதான். முதல் வாரம் கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

அவளுடைய தங்கை அதே கரையின் பாறைகளில் சிப்பி பறிப்பவள். அன்று மாலை ஒரு சாக்கைக் கொண்டுவந்து அக்காவின் வாசலில் கொட்டினாள். அத்தனையும் வாய் பிளந்து நாறிய சிப்பிகள்.

"பாறை மொத்தமும் இப்படித்தான்க்கா. சிப்பி செத்ததும் நண்டு போச்சு. பாசி மேய வர்ற மீனும் போச்சு. பறவைங்ககூட எட்டிப் பார்க்கல." அவள் காலிச் சாக்கை உதறி மடித்தாள். "பொடிசுச் சிப்பியைக்கூட விடாம சுரண்டிட்டேன்னு சிப்பி பறிக்கிறவங்க சங்கத்துல என்மேல பழி போடுறாங்க. நாளைக்குக் கூட்டம். இனி பாறைப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லப்போறாங்களாம். நீ கூட வந்து நில்லேன்."

"வர்றேன்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

கூட்டத்தில் சங்கத் தலைவர் சில தாள்களை உயர்த்திக் காட்டினார். "ஏழு மாசமா தண்ணி எவ்வளவு சூடுன்னு நிலையத்துல எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒருநாள்கூட அளவைத் தாண்டல. அப்போ தப்பு யார் மேல?"

எல்லாத் தலையும் தங்கை பக்கம் திரும்பியது. அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பொடிசைத் தொட்டதே இல்லக்கா. நீயாவது நம்புறியா?"

அக்கா கூனிக் குறுகிப்போனாள். அந்தப் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த அளவெல்லாம் பொய். எழுதினது நான்தான். தண்ணி முப்பத்தொம்பது வரைக்கும் போச்சு. வேலை போயிடும்னு பயந்து குறைச்சு எழுதினேன். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

"இதை எழுத்துல கொடுப்பியாம்மா?" என்றார் தலைவர். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள்.

இரண்டே நாளில் அவளுடைய வேலை போனது. அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து அளந்து பார்த்தார்கள். தண்ணீரை ஆறவைத்த பிறகே கடலில் விட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பாறைகள் மட்டும் வெறுமையாகவே கிடந்தன.

ஒரு மாதம் கழித்துத்தான் தங்கையின் வீட்டுக்குப் போகும் துணிச்சல் அவளுக்கு வந்தது. "மன்னிச்சிடுடி" என்றாள், நிலைப்படியைத் தாண்டாமலே.

தங்கை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"நான் வேற பிழைப்பு பார்த்துக்குவேன்க்கா. சிப்பிக்கும் நண்டுக்கும் வேற கடல் ஏது? நீ எழுதினதை ஊரே நம்புச்சு. ஆனா அதுங்க வாழ்ந்தது உன் நோட்டுல இல்ல, அந்தத் தண்ணியில. அளக்குறவங்களே பொய் சொன்னா, ஒரு கடற்கரையே செத்தாலும் யாருக்கும் தெரியாது."