பேசக்கூடாத ஒரு மணி நேரம்

குரலின் விலை பதினெட்டு லட்சம் என்று படிந்தது. பன்னிரண்டில் ஆரம்பித்து, பதினாலில் முரண்டு பிடித்து, பதினாறில் கோபித்துக்கொண்டு, பதினெட்டில் வந்து உட்கார்ந்தது. பெயருக்கு விற்றது துறைமுகத்து மீன் ஏலக் கொட்டகையைத்தான். ஆனால் அங்கே நின்று கூவும் குரலைக் கழித்துவிட்டு எடை போட்டால் நாலு தகரமும் ஈரத் தரையும்தான் தேறும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத் துறைமுகம் ‘வெண்கலம்’ என்றே கூப்பிட்டது. தொண்டையில், டான்சில் ஓரமாக, ஒரு கட்டி. புற்று என்று சோதனை சொல்லிவிட்டது. விஷயம் வெளியே கசிந்தால் கொட்டகையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. குரல் ஊருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைமாற்றிவிட வேண்டும். அதுதான் வியாபாரம்.

சிக்கல் என்னவென்றால், கொட்டகை மாமனார் கொடுத்தது. மனைவி அதை விற்க விடமாட்டாள். கட்டி தெரிந்த நாளிலிருந்து அவள் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் நுழைய முடியாத ஒரே இடம் ஸ்கேனுக்கு முன்னால் படுக்கவைக்கும் அந்தச் சின்ன அறை. ஸ்கேன் எடுக்கும் பெண் அவர் கையில் ஊசி போட்டுவிட்டு, “ஒரு மணி நேரம் அசையாம படுத்திருங்க. பேசவே கூடாது,” என்று சொல்லி விளக்கைக் குறைத்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரி என்றால் சுவருக்குச் சுவர் ‘அமைதி’ என்று எழுதித்தான் வைத்திருப்பார்கள், எவன் மதிக்கிறான் என்று வெண்கலம் நினைத்துக்கொண்டார். காலுறைக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

“அத்தான், பன்னெண்டு. அதுக்கு மேல பைசா கிடையாது,” என்றான் மைத்துனன். கட்டி விஷயம் அவன் காதுவரை இன்னும் போகவில்லை.

“டேய் மாப்ளே, பன்னெண்டுக்குத் தராசு கூட வராது. உங்கப்பா சொத்துடா அது. கொஞ்சம் வெட்கப்பட்டு விலை சொல்லு.”

கிசுகிசுப்பாகத்தான் பேசினார். ஆனால் பேரம் சூடு பிடித்தால் கிசுகிசுப்புக்கும் தொண்டை நரம்பு புடைக்கும்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் வெண்கலத்தின் கழுத்து. டான்சில் பக்கத்தில் ஒரு பொட்டு மிதமாக எரிந்தது. அதற்குக் கீழே, குரல்வளையில், இரண்டு கோடுகள் அதைவிடப் பளிச்சென்று எரிந்தன.

“மேல இருக்கிறது நாங்க எதிர்பார்த்ததுதான். வைரஸால வந்த வகை மாதிரி இருக்கு. அந்த வைரஸோட மரபணு ரெண்டு, உங்க செல்லுக்குள்ள உக்காந்து வேலை பாக்கும். கட்டுப்பாடா வளரச் சொல்ற காவல்காரங்களைத் தூங்க வெச்சிடும்.”

“குடியிருக்க வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிட்டான்னு சொல்லுங்க.”

“அப்படித்தான். ஆனா இந்த வகை பொதுவா மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நல்லா மசியும். எனக்குப் பிடிக்காதது கீழ இருக்கிறது.” பேனா முனையால் அந்தக் கோடுகளைத் தொட்டார். “ஊசியில போட்டது ஒரு மாதிரி சர்க்கரை. எது அதிகமா சர்க்கரை தின்னுதோ அது எரியும். வைரஸ் வகை பெரும்பாலும் சர்க்கரையைக் காத்தோட சேர்த்து நிதானமா செரிச்சுப் பிழைக்கும். புகையால வர்றது அள்ளி அள்ளித் தின்னும், பாதியை வீணாக்கும். இது ரெண்டாவது மாதிரி தின்னுது. நீங்க சிகரெட் பிடிச்சவர்தானே?”

“விட்டுப் பத்து வருஷம் ஆச்சு!” என்றாள் மனைவி.

“இன்னொரு காரணமும் இருக்கலாம். ஊசி போட்டப்புறம் பேசினா, பேசுற தசையும் அந்தச் சர்க்கரையைக் குடிச்சு இப்படி எரியும். அன்னிக்குப் பேசினீங்களா?”

வெண்கலம் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “இவரா? கதவுக்கு வெளியிலேயே காவல் இருந்தேன் டாக்டர். இவர் பேசினா மூணு தெருவுக்குக் கேக்கும். ஒரு முனகல் கூட இல்ல.”

டாக்டரம்மா அவரையே பார்த்தார். வெண்கலம் இல்லை என்று தலையாட்டினார். வாயால் சொல்லாததால் அது முழுப் பொய்யாகாது என்று ஒரு சமாதானம்.

“சரி. நாளைக்குக் காலையில மயக்கம் கொடுத்து ரெண்டு குரல் நாண்லயும் சதைத் துண்டு எடுத்துப் பாத்துடுவோம்.”

“குரல்?”

“துண்டு எடுத்த இடம் ஆறினாலும் பழைய கணீர் வரும்னு சொல்ல முடியாது. அங்கேயும் புத்துன்னு வந்துட்டா, குரல்வளையைக் காப்பாத்த முடியுமான்னே பேச வேண்டியிருக்கும்.”

அன்று முழுக்க வெண்கலம் மனதுக்குள் ஏலம் விட்டுப் பார்த்தார். சொன்னால் குரல் பிழைக்கலாம், வீடு பிழைக்காது. சொல்லாவிட்டால் வீடு பிழைக்கும், குரலுக்குக் கத்தி. இதில் இன்னொரு கொக்கியும் இருந்தது. பேசியதால்தான் எரிகிறது என்று யார் உத்தரவாதம் தருவது? வாயைத் திறந்து குடும்பத்தையும் கெடுத்துக்கொண்டு, கடைசியில் அது நிஜப் புற்று என்றால் இரண்டு பக்கமும் நஷ்டம். இப்படி ஒரு சரக்கை அவர் ஆயுசில் ஏலம் விட்டதில்லை.

மறுநாள் காலை பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து மனைவி போட வேண்டும். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பேனாவை உதறி, முதல் எழுத்தைப் போடக் குனிந்தாள். போட்ட எழுத்தை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். முப்பது வருஷத்தில் அவள் ஒரு எழுத்தை அடித்து எழுதி அவர் பார்த்ததில்லை.

“பேசினேன்,” என்றார்.

“என்னது?”

“அன்னிக்கு உள்ள. போன்ல பேசினேன்.”

பேனா நின்றது. “யார்கிட்ட?”

“உன் தம்பிகிட்ட.”

“அவன்கிட்ட உங்களுக்கு என்ன பேச்சு?”

“கொட்டகையை அவனுக்குக் கொடுத்துட்டேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நர்ஸ் ஓரடி பின்வாங்கினாள். அவள் கத்தவில்லை. படிவத்தை நாலாக மடித்து நர்ஸ் கையில் வைத்து, “டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க,” என்றாள்.

டாக்டரம்மா கையுறையோடு வந்தார். “எவ்வளவு நேரம் பேசினீங்க?”

“பதினாலு லட்சம் வரைக்கும் மெதுவாத்தான். அதுக்கு மேல கொஞ்சம் வேகமா.”

“நான் நேரா கேட்டேன். நீங்க தலையாட்டினீங்க. அந்தத் தலையாட்டலை நம்பி உங்க நாணை வெட்டியிருப்பேன்,” என்று சொல்லி டாக்டரம்மா கையுறையைக் கழற்றி வீசினார்.

ஸ்கேனை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை போன் மனைவியின் மடியில் இருந்தது, காலுறையும்தான். அந்த அரையிருட்டில் வெண்கலம் எச்சில் விழுங்கக்கூட பயந்து படுத்திருந்தார். எரியாமல் இரு, எரியாமல் இரு என்று தொண்டையைக் கெஞ்சினார். கெஞ்சுவதற்கும் தசை வேலை செய்யுமோ என்று சந்தேகம் வந்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார்.

படம் வந்தது. டாக்டரம்மா அவசரமே படாமல் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனார். டான்சில் பொட்டு அப்படியே எரிந்தது. கீழே இருட்டு. இரண்டு கோடும் இல்லை. கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டும் பார்த்தார். நாண் இரண்டும் சுத்தமாக அசைந்தன.

“டான்சில் துண்டோட மரபணுச் சோதனையும் வந்திருச்சு. வைரஸ் மரபணு ரெண்டும் மும்முரமா வேலை பாக்குது. சும்மா வந்து ஒதுங்கின வைரஸ் இல்ல, கட்டியை ஓட்டுறதே அதுதான். ஏழு வாரம் கதிரும் மருந்தும் போதும். நாண் பக்கம் முடிஞ்ச வரைக்கும் கதிர் படாம பாத்துக்கறேன்.”

“ஏழு வாரம்னு சொன்னீங்க. ஆறுல முடிச்சுக்கலாமா?”

“ஒரு நாள் கூடக் குறையாது. இது மீன் இல்ல.”

வெளியே வந்ததும் மனைவி தம்பிக்குப் போன் போட்டுக் கொட்டகையைத் திருப்பிக் கேட்டாள். அவன் என்ன சொன்னான் என்பது வெண்கலத்துக்குக் கேட்காமலே தெரியும். துறைமுகத்தில் பத்திரமெல்லாம் பிறகு வருகிற சம்பிரதாயம். ‘சரி’ என்று வாய் சொல்லிவிட்டால் சரக்கு கைமாறிவிட்டது. அந்த வார்த்தையை வாபஸ் வாங்கினவனுடைய ஏலத்தில் எவனும் கை தூக்க மாட்டான், குரல் எத்தனை கணீரென்று இருந்தாலும்.

அவள் போனை வைத்தாள். படிக்கட்டில் நின்று விரல் மடக்கினாள்.

“குரல் உங்களுக்கு. கொட்டகை அவனுக்கு. பணம் ஆஸ்பத்திரிக்கு.” நாலாவது விரல் மடங்காமல் நின்றது. “எனக்கு?”

வெண்கலம் அந்த விரலைப் பிடித்து மடக்கப் போனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“பாக்கின்னு வெச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்கினாள்.